கிருபா வாசித்து நிறுத்திய இடம்

ஜனவரி 17, செவ்வாய்

பொங்கல் கூட்டம் ஒருவழியாக ஓய்ந்தது. ஆறு நாளாகப் பஸ் ஸ்டாண்டில் கூண்டுக்குள்ளேயே கிடந்தேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி எழுதி விரல் மரத்துவிட்டது. டைம் கீப்பர் வேலையில் இருபத்தாறு வருஷம் ஆகிறது. காலை ஷிப்ட் முடிந்து 2.10க்கு வீட்டுக்கு வந்தேன். மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

3.05க்குப் பேச்சிக்கனி போன் செய்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளை. எம்.ஏ. வரலாறு படித்தவள். ஒரு அலுவலகத்தில் டெலிபோன் பார்க்கிறாள், பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். என் வீட்டுக்காரி கிருபாவிடம் பாடம் கேட்டவள். பார்வை இல்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களைச் சத்தமாக வாசித்து, கம்ப்யூட்டரில் பதிவு செய்து கொடுப்பதைக் கிருபா பதினோரு வருஷம் செய்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு இந்தப் பிள்ளைகள்தான்.

"ஸார், கேக்கதுக்கே ஒரு மாதிரி இருக்கு. தள்ளி வச்ச கவர்மென்ட் வேலைப் பரீட்சைக்குத் தேதி போட்டுட்டாங்க. பிப்ரவரி இருபத்தாறு. டீச்சர் எனக்குன்னு வரலாறு புஸ்தகம் வாசிச்சாங்கள்லா? ஏழு பாடந்தான் என்கிட்ட இருக்கு. மிச்சம் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொன்னாங்க. அதுக்குப் பிறகு நான் கேக்கல."

"எடுத்துத் தாரேன்மா" என்றேன்.

பின்அறையைத் திறந்தேன். சத்தம் வராமலிருக்க ஜன்னலுக்கு அவள் கட்டிய மெத்தை அப்படியே இருக்கிறது. மைக்கின் மேல் துண்டு. கிருபா போய் நாலு மாசம் எட்டு நாள். அன்றிலிருந்து நான் உள்ளே போகவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டேன். விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் ஒரு வரி வெள்ளை எழுத்து வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மூன்று தடவை அணைத்துப் போட்டேன். அதே வரி.

ஜனவரி 18, புதன்

கம்ப்யூட்டர் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பத்து நிமிஷம் பார்த்தார். "சிஸ்டம் பைல் போயிட்டு. ஃபார்மேட் போட்டுருவோம். புதுசு மாதிரி ஆயிரும்."

"உள்ள இருக்கது?"

"அது போயிரும்லா."

திரும்ப ஆட்டோவில் ஏற்றினேன். "பழைய பாட்டுதான் சார் இருக்கும், எதுக்கு இவ்வளவு சங்கடப்படுதீங்க?" என்று பின்னாலிருந்து கேட்டார். ஆட்டோவை எடுக்கச் சொன்னேன்.

ஜனவரி 20, வெள்ளி

பேச்சிக்கனியிடம் நடந்ததைச் சொன்னேன். போனில் சத்தமே இல்லை. ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஸார், நானே சொல்லுதேன், நீங்க செய்வீங்களா? நல்லா ஓடுத வேற ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு பென்டிரைவ்ல விண்டோஸ ஏத்தணும். ரெக்கவரி பென்டிரைவ்னு சொல்லுவாங்க. அதச் சொருகி ஆன் பண்ணுனா உங்க கம்ப்யூட்டர் அதுல இருந்து எழும்பும். பிறகு உள்ள கெட்டுப்போனத மட்டும் சரி பண்ணிக்கிடலாம். பாடத்த எதுவும் தொடாது."

"எனக்கு ஒரு எழவும் தெரியாதும்மா. எல்லாம் கிருபாதான்."

"ஸ்க்ரீன்ல வாரத அப்படியே எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. எதை அழுத்தணும்னு நான் சொல்லுதேன். பென்டிரைவ் புதுசா ஒண்ணு வாங்கிக்கோங்க."

"வீட்டுலயே ஒண்ணு கிடக்கு. எதுக்குத் தண்டச் செலவு?"

"அப்ப உள்ள என்ன இருக்குன்னு பாத்துக்கோங்க ஸார். ஏத்தும்போது அதுல இருக்கதெல்லாம் அழிஞ்சுரும்."

சரி என்றேன்.

ஜனவரி 22, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. யூனிபார்ம் தேய்த்தேன். பென்டிரைவ் என் சட்டை அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. வெள்ளை நூல் சுற்றியிருக்கிறது. செப்டம்பரிலிருந்து அங்கேதான். சட்டை எடுக்கும்போதெல்லாம் கையில் படும். நூலை அவிழ்த்துப் பைக்குள் போட்டேன்.

குழாயில் தண்ணீர் 11 மணிக்குத்தான் வந்தது.

ஜனவரி 24, செவ்வாய்

ஷிப்ட் முடித்து ரெஜினா கடைக்குப் போனேன். சமாதானபுரத்தில் ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பஸ் டிக்கெட் எல்லாம் செய்கிற கடை. ரெஜினா கிருபாவோடு பாடகர் குழுவில் இருந்தவள். பேச்சிக்கனி போனில் சொல்ல, ரெஜினா விண்டோஸை டவுன்லோடு செய்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் ரேஷன் கார்டுக்கு நாலு பேர் வந்து போனார்கள்.

பென்டிரைவைச் சொருகினாள். பழைய பைல்தான், தேவையில்லாதது. எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ரெஜினாவும் என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் சரி என்றேன்.

4.47க்கு முடிந்தது. ரெஜினா என் முகத்தைப் பார்க்காமல் பென்டிரைவைத் தந்தாள். வேலை மும்முரம் போல.

ஜனவரி 25, புதன்

தலைவலி. ஷிப்ட் முடிந்து வந்து படுத்துவிட்டேன்.

ஜனவரி 26, வியாழன்

பேச்சிக்கனிக்கு இன்று லீவு. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். போனை ஸ்பீக்கரில் போட்டு மைக் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பென்டிரைவைச் சொருகி ஆன் செய்தால் அதே கறுப்பு, அதே வெள்ளை வரி. "அது பழைய இடத்துலயே தேடுது ஸார். ஆன் பண்ணுன உடனே எஃப் பன்னெண்ட விடாமத் தட்டுங்க." தட்டினேன். நாலாவது தடவை ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டி வாசித்தேன். மூன்றாவது வரியில் பென்டிரைவின் பெயர் இருந்தது. அதை அழுத்தச் சொன்னாள். திரை நீலமாக மாறியது.

"இப்ப என்ன தெரியுது?"

"நடுவுல பெருசா ஒரு கட்டம். இன்ஸ்டால் நவ்ன்னு போட்டிருக்கு. அழுத்தட்டா?"

"ஐயோ, வேண்டாம் ஸார்! கையை எடுங்க. அத அழுத்துனா எல்லாம் போயிரும். கீழே இடது பக்கம் மூலையில சின்னதா ஒரு வரி இருக்கும் பாருங்க, ரிப்பேர்னு."

இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் திரையை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. எது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ரிப்பேர் போட்டோம். இருபது நிமிஷம் சுற்றிவிட்டு, சரிசெய்ய முடியவில்லை என்று சொல்லிவிட்டது.

"பரவால்ல ஸார். இன்னொரு வழி இருக்கு. யார்ட்டயாவது கேட்டுட்டு வாரேன்."

 ஒன்றும் கிடைக்காமல் போனால் பென்டிரைவும் போய், இதுவும் போய்.

ஜனவரி 28, சனி

கறுப்புப் பெட்டிக்குள் கட்டளைகளை அடிக்க வேண்டுமாம். பேச்சிக்கனி ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகச் சொன்னாள். "பி... பஸ்ஸுக்கு வார பி. ஓ... ஒட்டகத்துக்குப் போடுவோம்லா, அந்த ஓ." அடித்து அடித்து அவளுக்குத் திரும்ப வாசித்தேன். நாலு வரி. ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு பதில் வந்தது. கடைசிப் பதிலில் 'சக்ஸஸ்' என்று இருந்தது.

"பென்டிரைவைக் கழத்திட்டு ஆன் பண்ணுங்க ஸார்."

12.22க்கு விண்டோஸ் வந்தது. திரையில் கிருபா வைத்திருந்த படம், மணிமுத்தாறு அருவி. 

"ஸார், வந்துட்டா?"

"வந்துட்டும்மா."

போனிலேயே அவள் அழுகிறது கேட்டது.

ஜனவரி 29, ஞாயிறு

பாடங்கள் இருக்கின்றன. எட்டிலிருந்து பதினாலு வரை. ஒவ்வொரு பைலும் ஓடுகிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்பச் சொன்னாள் பேச்சிக்கனி. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போட்டேன். திரையில் ஒரு பச்சைக் கோடு குரலுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டு நகர்கிறது. அது நகர்ந்தால் ஓடுகிறது என்றுதானே அர்த்தம்?

"சத்தம் நல்லா இருக்கா ஸார்?"

"கோடு நகருதும்மா."

"கோடா?"



எட்டாம் பாடத்தில் கோடு சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீர் திடீரென்று மலைபோல் எழும்பி விழுகிறது. மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை, சில இடத்தில் அதற்கும் முன்பே. பைல் கெட்டிருக்குமோ என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

இருமல்.

ஜனவரி 31, செவ்வாய்

பைல்களின் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எட்டாம் பாடம் போன வருஷம் ஜனவரி 20. ஒன்பதாம் பாடம் பிப்ரவரி 3. பத்து, பிப்ரவரி 24. எல்லாவற்றிலும் இருமல் இருக்கிறது. மார்ச்சில் ஒரு வாக்கியத்துக்கு நடுவிலேயே மூச்சு வாங்குகிறாள்.

ஜூலையில் டாக்டர் கேட்டார், "எத்தனை நாளா இருமல்?" கிருபா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான்தான் பதில் சொன்னேன்: "ஜூன் மாசத்துல இருந்து சார்." அப்போது எனக்கு அது உண்மையாகத்தான் இருந்தது. கிருபா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்ரூம்ல தூசி. மெத்தைய எடுத்துத் தட்டு" என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. அது எந்த மாசம் என்று தெரியவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று இருபத்தாறு வருஷத்துக்கும் என்னால் சொல்ல முடியும்.

பிப்ரவரி 2, வியாழன்

பதினாலாம் பாடம். தொழிற்புரட்சி. தேதி மே 11, மாலை. மொத்தம் முப்பத்தொரு நிமிஷம். இதுதான் கடைசி. உட்கார்ந்து முழுதாகக் கேட்டேன். இதுவரை அவள் வாசித்த ஒரு பாடத்தையும் நான் முழுதாகக் கேட்டதில்லை. "ஊருக்கெல்லாம் வாசிக்க, வீட்டுல ஆள் இருக்கது தெரியுதா?" என்று கேலி செய்திருக்கிறேன்.

நல்ல குரல். யாரோ எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் வாசிக்கிறாள். கடினமான பெயர் வந்தால் இரண்டு தடவை சொல்லி, "பேச்சி, எழுத்துக் கூட்டிச் சொல்லுதேன், குறிச்சுக்கோ" என்கிறாள்.

இருபத்திரண்டாவது நிமிஷத்தில், "விசைத்தறிகள் பெருகின. இதன் விளைவாக" என்கிறாள். இருமல் வருகிறது. நிற்கவில்லை. பிறகு, மைக்கிலிருந்து தலையைத் திருப்பிக்கொண்டு, "அத்தான், கொஞ்சம் வென்னி கொண்டு வருவீங்களா?"

பதில் இல்லை.

ஜன்னலில் மெத்தை இருந்தாலும் கதவு திறந்திருந்திருக்கிறது. முன்ஹாலில் டிவி சத்தம் கேட்கிறது. ஏதோ சிரிப்புக் காட்சி. அதற்கு மேல் ஒரு ஆள் சிரிப்பது கேட்கிறது. அது நான்.

"அத்தான்" என்று இன்னொரு தடவை, மெதுவாக. பிறகு கூப்பிடவில்லை. பதிவை நிறுத்தவும் இல்லை. உட்கார்ந்தே இருக்கிறாள். நான் இன்னும் இரண்டு தடவை சிரிக்கிறேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்வரை 4 நிமிஷம் 16 விநாடி. பிறகு அடுக்களையில் பாத்திரச் சத்தம். திரும்பி வந்து, "சரி பேச்சி, இன்னைக்கு இது போதும். நாளைக்கு வாசிக்கேன்" என்று சொல்லி அணைக்கிறாள்.

ஒரு இடத்திலும் அவளுக்குக் கோபம் வரவில்லை.

பிப்ரவரி 3, வெள்ளி

ஜனவரி 24ஆம் தேதி எழுதியதில் ஒன்றை எழுதாமல் விட்டேன்.

அந்தப் பென்டிரைவைச் செப்டம்பரில், கடைசி நாட்களில், கிருபாதான் 'உங்களுக்குத்தான்' என்று என் கையில் தந்தாள். அதில் ஒரே ஒரு பைல் இருந்தது. ஆங்கில எழுத்தில் 'அத்தானுக்கு' என்று பெயர் வைத்திருந்தாள். போன வருஷம் ஆகஸ்ட் 19. பதினோரு நிமிஷம். ஆகஸ்டில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது பின்அறைக் கதவு சாத்தியிருந்தது. "என்ன செய்த?" என்று கேட்டேன். "சும்மா உக்காந்திருந்தேன்" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு நடந்து போனாள். அன்றைக்காக இருக்கும்.

ரெஜினா முதல் தடவை கேட்டது: "அண்ணாச்சி, அக்கா உங்களுக்குன்னு என்னமோ பேசி வச்சிருக்காங்க. காப்பி எடுத்து வைக்கட்டா?" வேண்டாம் என்றேன். இரண்டாம் தடவை: "இது போனா வராது அண்ணாச்சி." தெரியும் என்றேன். அழுத்து என்றேன்.

அவள் திட்டியிருப்பாள் என்று பயம் இல்லை. முப்பது வருஷத்தில் திட்டியதில்லை. 'உங்க மேல தப்பில்ல அத்தான்' என்று சொல்லியிருப்பாள். அதை அவள் குரலில் கேட்டுவிட்டு எழுந்து எப்படி ஷிப்டுக்குப் போவது? அதற்குத்தான் பயந்தேன். புதுப் பென்டிரைவ் வாங்காததற்கும் அதுதான் காரணம். ஏதாவது ஒரு வேலைக்கு ஆகட்டும் என்று என்னிடமே சொல்லிக்கொண்டு அதை அழிக்கப் போனேன்.

நேற்று அந்த நாலு நிமிஷத்தைக் கேட்டபிறகு, அந்தப் பதினோரு நிமிஷத்தில் என்ன இருந்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. கம்ப்யூட்டரில் மூலப்பிரதி இருக்குமோ என்று காலையிலிருந்து தேடினேன். கிடைக்காமல் பேச்சிக்கனிக்கே போன் போட்டேன். ஆகஸ்ட் மாசப் பைல்களை மட்டும் எப்படித் தேடுவது என்று கேட்டேன். சொன்னாள். தேடினேன். ஒன்றுமில்லை. குப்பைத் தொட்டியும் காலி. பதிவு செய்ததைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு இங்கே அழித்திருக்கிறாள்.

"ஆகஸ்ட்லயா? டீச்சர் அப்ப வாசிக்கலயே. என்ன தேடுதீங்க ஸார்?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன நிமிஷம்?" என்றாள்.

"பதினொண்ணு."

 "டீச்சர் கறுப்பா செவப்பா, குட்டையா நெட்டையா, எனக்கு ஒண்ணும் தெரியாது ஸார். எனக்குக் குரல்தான் டீச்சர். பதினோரு நிமிஷம் டீச்சர் உங்க வீட்டுல உயிரோட இருந்திருக்காங்க. நீங்க..." முடிக்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 4, சனி

ரெஜினா கடைக்குப் பென்டிரைவோடு போனேன். அழிந்ததை மீட்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறதாம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து தேடினாள். பென்டிரைவ் முழுக்க விண்டோஸ் ஏறியிருந்தது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு பட்டியலில் ஒரு பெயர் வந்தது. 'அத்தானுக்கு'.

"வந்துட்டு அண்ணாச்சி!" என்று என் கையைப் பிடித்தாள்.

அழுத்தினாள். ஒரு விநாடி கரகரவென்று இரைச்சல். நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அழுத்தினாள். அதே இரைச்சல்தான். பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது, உள்ளே இருந்ததன்மேல் வேறு ஏறிவிட்டது என்று சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

"அன்னைக்கு உங்ககிட்ட கேக்காமலே நான் ஒரு காப்பி எடுத்திருக்கணும் அண்ணாச்சி. எடுக்கக் கையும் போச்சு. உங்க விஷயம்னு விட்டுட்டேன்."

நான்தான் அவளைத் தேற்றினேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். கடைசி பெஞ்சு. ஜெபம் ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 6, திங்கள்

பேச்சிக்கனியிடமிருந்து போன் இல்லை. எட்டிலிருந்து பதினாலு வரை எல்லாப் பாடங்களையும் ரெஜினா மூலம் அனுப்பினேன். பதினாலில் அந்த நாலு நிமிஷத்தை வெட்டிவிடவா என்று ரெஜினா கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 8, புதன்

4.15க்கு அவளே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"பதினாலாம் பாடம் பாதியில நிக்கி ஸார். அதுக்கு மேல மூணு பாடம் இருக்கு. ஹாஸ்டல்ல கேட்டேன், யாருக்கும் நேரமில்ல. புஸ்தகம் உங்க வீட்டுலதான இருக்கு? நீங்க வாசிங்க."

"எனக்கு வாசிக்க வராதும்மா."

"ஸ்க்ரீன்ல இருந்ததெல்லாம் எனக்கு வாசிச்சீங்கள்லா?"

சரி என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

"டீச்சர் வென்னி கேட்டத நானும் கேட்டேன் ஸார். டிவி சத்தமும் கேட்டுச்சு." போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "முதல்ல உங்க மேல கோவமா வந்துச்சு. பிறகு ஹெட்போன் போட்டு இன்னொரு தடவ கேட்டேன். அந்த நாலு நிமிஷமும் டீச்சர் மூச்சு விடுதது கேக்கு. வேற எந்தப் பாடத்துலயும் அவ்வளவு பக்கத்துல கேக்கல. அத யாரும் வெட்டிறாதீங்க."

ரெஜினா கடையில் ஒரு ஹெட்போன் வாங்கிவந்து கேட்டேன். கேட்கிறது. மூச்சு மேலேறும்போது ஒரு சின்ன விசில் சத்தம். இறங்கும்போது இல்லை.

பிப்ரவரி 10, வெள்ளி

புத்தகத்தில் 'இதன் விளைவாக' என்ற இடத்தில் கிருபா பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறாள். அங்கிருந்து ஆரம்பித்தேன். துண்டை எடுத்துவிட்டு மைக்கைத் துடைத்தேன். ஒன்பது பக்கம் வாசிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் போன்.

"ஸார், இது திருச்செந்தூர் வண்டிக்கு ஆள் கூப்பிடுதது இல்ல. 'ஆயிரத்து எழுநூற்று அறுபத்தொன்பது'ன்னு எதுக்கு அந்தக் கத்து கத்துதீங்க? எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

திரும்ப வாசித்தேன். இந்தத் தடவை எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். யார் என்று எழுதவில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

பதினைந்தாம் பாடம் முடிந்தது. முதல் உலகப் போர். எத்தனை பெயர்கள்!

பிப்ரவரி 19, ஞாயிறு

பதினாறு முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது. ஒரு பாடம் வாசிப்பதற்குள் எனக்கு இப்படி ஆகிறது. இருமலோடு ஏழு பாடம் வாசித்திருக்கிறாள்.

பிப்ரவரி 22, புதன்

பதினேழும் முடிந்து அனுப்பிவிட்டேன். பேச்சிக்கனி "சரி ஸார்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஞாயித்துக்கிழம பரீட்சைக்கு யாரும் கூட வரல. நீங்க வர முடியுமா?" என்றாள். ஷிப்ட் மாற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

12.30க்கு ஹாஸ்டலில் போய் அழைத்துக்கொண்டேன். என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உதடசைத்துக்கொண்டே வந்தாள். பரீட்சை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில். அவளுக்காக எழுதுகிற பெண் வாசலில் காத்திருந்தாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

கேட்டை மூடிவிட்டார்கள். வெளியே பூவரச மரத்தடியில் கூட வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், நான் ஓரமாக நின்றேன். சங்கரன்கோவிலிலிருந்து மகளோடு வந்திருந்த ஒரு அம்மா, "உங்க மகளா? நல்ல பிடிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க" என்றாள்.

"இல்லம்மா. என் வீட்டுக்காரி இந்தப் பிள்ளைக்குப் பாடம் வாசிச்சுக் குடுப்பா."

"அவங்க வரலயா?"

இந்தக் கேள்விக்கு ஐந்து மாசமாக நான் என்னென்னவோ சொல்லிவருகிறேன். ஊருக்குப் போயிருக்கா. உடம்புக்கு முடியல. டெப்போவில் புதிதாக வந்த செக்கரிடம்கூட அப்படித்தான் சொன்னேன்.

"செத்துப்போயிட்டா" என்றேன்.

அந்த அம்மா கையிலிருந்த விசிறி நின்றது. "ஏசுவே. என்ன சீக்கு?"

"நுரையீரல்ல புத்துநோய்."

"முன்னாலயே தெரியலயா?"

"போன வருஷம் ஜனவரியில இருந்தே இருமுனாம்மா. பக்கத்து ரூம்லதான் இருந்தேன். ஜூலையிலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அதுவும் டாக்டர்ட்ட ஜூன்னு சொல்லிட்டேன்."

 அந்த அம்மா நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். அவள் மறுபடி விசிற ஆரம்பித்தாள், காற்று என் பக்கமும் வருகிற மாதிரி. அங்கே வைத்து, அத்தனை பேர் முன்னால், நான் அழுதேன். அடக்கத்தன்றுகூட அழவில்லை.

4.30க்கு பெல் அடித்தது. பேச்சிக்கனி வெளியே வந்தாள். முகத்தில் வேர்வை.

"எப்படிம்மா?"

"தெரியல ஸார். டீச்சர் வாசிச்சதுல நெறைய வந்துச்சு. நீங்க வாசிச்சதுல ரெண்டு கேள்வி. ஒண்ணுல மட்டும் நீங்க வருஷத்தத் தப்பா வாசிச்சிருப்பீங்களோன்னு சந்தேகம் வந்துச்சு. யோசிச்சு வேறயப் போட்டேன்."

"புஸ்தகத்தப் பாத்துச் சொல்லுதேன்."

"வேண்டாம், விடுங்க. எழுதியாச்சு."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வண்டி எடுக்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்: "அதுல டீச்சர் என்ன பேசியிருப்பாங்கன்னு நினைக்கீங்க ஸார்?"

"தெரியலம்மா. இனி தெரியாது."

தலையை ஆட்டினாள். என் சட்டைக் கையைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி 4.52க்குப் புறப்பட்டது.